சொன்னால் எங்கே போகும்? விமான ஆலைகளின் புகார் வழிகள்: ஒரு மதிப்புரை

அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து எழும்பி வங்கக் கடல் பக்கம் போகும் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானத்தைச் சோளிங்கர், வாலாஜா பக்கத்தில் பலரும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். 2013 முதல் இங்கே இருக்கிறது. உள்ளே எவ்வளவு ராணுவக் கருவி ஏற்றியிருந்தாலும் உடம்பு போயிங் 737-800 தான். அமெரிக்காவின் ரென்டன் ஆலையில், பயணிகள் விமானம் கட்டும் அதே வளாகத்தில் கட்டியது. 737-இன் புதிய வகையான மேக்ஸ் அல்ல, அதற்கு முந்தைய தலைமுறை. மேக்ஸில் ஏற மீனம்பாக்கம் போனால் போதும். ஆகாசா ஏர் ஓட்டுவது முழுக்க அதைத்தான். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிடமும் கணிசமாக உண்டு.

இருக்கை அகலம், சாப்பாடு, தாமதம் பற்றி எழுத நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே எடைபோடுவது வேறொரு சேவை. விமானம் கட்டும் இடத்தில் ஒரு ஃபிட்டரோ இன்ஸ்பெக்டரோ தப்பைப் பார்த்துவிட்டால், அதைச் சொல்வதற்கென்று வைத்திருக்கும் ஹாட்லைன், இணையப் படிவம், சட்ட முறையீடு, ஒட்டிய உறை ஆகியவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பதே கேள்வி. ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் ஆலைகளுக்குப் போகிறவர்களுக்கும், ராணிப்பேட்டை சிப்காட்டில் வெல்டிங், மெஷினிங் தரம் பார்ப்பவர்களுக்கும், பாகாயத்திலும் விஐடியிலும் மெக்கானிக்கல் முடித்துவிட்டுத் தரக்கட்டுப்பாட்டு மேசையில் உட்காரப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

உரைகல் மூன்று. முதல் காகிதம் யார் மேசையில் விழுகிறது? சொன்னவர் பெயர் எதுவரை மறைந்திருக்கும்? பதில் எப்போது வரும்? மற்றதெல்லாம் விளம்பரப் பலகை.

மதிப்பெண் போடுவதற்கு முன் ஒரு கதவைப் பார்த்துவிட வேண்டும். காகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் கிடைக்காது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 1282 எண் பறப்பு, ஒரு போயிங் 737 மேக்ஸ், போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில், இடப்பக்கத்துக் கதவு அடைப்புப் பலகை (பயன்படுத்தாத அவசர வழியை மூடியிருக்கும் துண்டு) பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 177 பேர், உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பலகையைத் தாங்குவது 12 ஸ்டாப் பேட்கள். உள்காற்றழுத்தம் அவற்றின் மேல் பலகையை அழுத்திப் பிடிக்கிறது. பலகை மேலே நழுவாமல் காப்பது நான்கே நான்கு போல்ட்: மேலே வழிகாட்டித் தடத்தில் இரண்டு, கீழே கீல் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றும் கழலாமல் பூட்டக் காசில் நட், காட்டர் பின். அந்த நான்கும் இல்லை. ஒவ்வொரு பறப்பிலும் பலகை மயிரிழை மயிரிழையாக மேலே ஏறி, கடைசியில் ஸ்டாப்களை விட்டு விலகிவிட்டது.

ஏன் இல்லை? பலகைக்குப் பக்கத்துச் சட்டத்தில் ஐந்து ரிவெட் சரியில்லை என்று 2023 செப்டம்பர் 1 அன்று முறையாக என்.சி.ஆர்., அதாவது தரக்குறை அறிக்கை, எழுதியிருக்கிறார்கள். அதுவரை எல்லாம் சரி. ரிவெட்டை மாற்றப் பலகையைத் திறந்தாக வேண்டும். திறப்பதற்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் 'கழற்றல்' ஆவணம் எழுத வேண்டும். எழுதினால்தான் திரும்ப மாட்டியதும் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும் என்ற வேலை தானாகப் பிறக்கும். அந்த ஆவணத்தை யாரும் எழுதவில்லை. ரிவெட் வேலை முடிந்ததற்குக் காகிதம் இருக்கிறது, கதவைத் திறந்ததற்கு இல்லை. உள்அலங்கார வேலைக்கு முன் ஊழியர்கள் எடுத்து அனுப்பிக்கொண்ட ஒரு படத்தில், தெரிகிற மூன்று இடங்களிலும் போல்ட் இல்லாதது பதிவாகியிருக்கிறது. நான்காவதை வெப்பத்தடுப்பு மெத்தை மறைத்திருந்தது. படம் எடுத்த கை தப்பை எடுப்பதற்காக எடுக்கவில்லை. அதில் இருப்பது தப்பு என்று யாருக்கும் உறைக்கவும் இல்லை.

பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., ஆறு வாரம் உட்கார்ந்து தணிக்கை செய்தது. நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட விவரப்படி போயிங்கில் 89 சோதனைகளில் 33 தோல்வி. உடற்பகுதி செய்து தந்த ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸில் 13-க்கு 7. கதவு ரப்பர் சீலைச் சோதிக்க ஹோட்டல் சாவி அட்டை, கதவு சீல் வழுக்கி உட்காரப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம். நம் ஊர்ப் பட்டறையில் இதைச் செய்தால் சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போவார். அங்கே அது சிரிப்புக்குரிய இடம் இல்லை. என்ன கருவியால் சோதிக்க வேண்டும் என்று செயல்முறைத் தாளில் எழுதாமல் விட்டால் கையில் கிடைத்ததைத்தான் ஆள் எடுப்பான்.

இனி சேவைகள்.

முதலில் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் பெட்டி. போயிங் 2019-இல் தொடங்கிய 'ஸ்பீக் அப்' இந்த வகை. பெயர் சொல்லாமலும் எழுதலாம் என்பது நல்ல அம்சம். ஆனால் 2024 பிப்ரவரியில் எஃப்.ஏ.ஏ. அமைத்த நிபுணர் குழு 27 கண்டறிதல்களும் 53 பரிந்துரைகளும் கொண்ட அறிக்கையில் சொன்னது சங்கடமானது. எந்த வழியில் சொல்வது என்பதிலேயே ஊழியர்களுக்குக் குழப்பம். எஃப்.ஏ.ஏ.வின் சார்பில் சான்றளிக்கும் போயிங் ஊழியர்களுக்குக்கூட, சம்பள உயர்விலும் ஆட்குறைப்பு வரிசையிலும் பழிவாங்க இன்னும் இடம் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் உயிர்நாடி. அரசுக்காகக் கையெழுத்துப் போடும் ஆளுக்குச் சம்பளம் தருவது ஆலை. அவருடைய மதிப்பீட்டுத் தாளை நிரப்புவது, அவர் நிறுத்தி வைத்த விமானத்தை வெளியே தள்ள அவசரப்படும் அதே கட்டடத்தின் மேலாளர். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும்கூட, பெட்டியில் போட்டதற்குத் தேதி முத்திரை கிடைக்கிறது என்பதற்காக. அந்தத் தேதி பின்னால் எங்கே உதவும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எஃப்.ஏ.ஏ. ஹாட்லைன் அடுத்தது. இணையப் படிவம், யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், பெயர் கட்டாயம் இல்லை. பெயர் கொடுத்து ரகசியமாக வைக்கச் சொல்லலாம். பெயரே கொடுக்காமல் விட்டால் திரும்பிக் கேள்வி கேட்க அவர்களுக்கு வழி கிடையாது, விசாரணை அரைகுறையாக நின்றுவிடும். இரண்டாவதைவிட முதலாவது நல்லது. எஃப்.ஏ.ஏ.விடம் சொல்வது பலன் தந்திருக்கிறதா? ஜான் பார்னெட் விஷயத்தில் தந்தது. தென் கரோலினாவில் போயிங்கின் 787 விமானம் கட்டும் ஆலையில் தர மேலாளராக இருந்தவர் அவர். கழிக்க வேண்டிய பாகங்கள் காணாமல் போகின்றன என்றார். 2017-இல் எஃப்.ஏ.ஏ. போய்ப் பார்த்து, தரமற்றது என்று முத்திரை குத்திய குறைந்தது 53 பாகங்கள் எங்கே என்று தெரியவில்லை என உறுதி செய்தது. 'பயன்படுத்தாதே' என்று ஹோல்ட் டேக் கட்டிய பாகம் பூட்டிய கூண்டிலிருந்து நடந்து போகாது, யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். மாட்டினார்களா, எறிந்தார்களா என்பது காகிதம் இல்லாததால் பதில் இல்லாத கேள்வி. ஐந்துக்கு மூன்று.

மூன்றாவது, ஏர்21. 2000-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். விமானப் பாதுகாப்புப் பற்றிச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கினாலோ, இறக்கினாலோ, மிரட்டினாலோ அமெரிக்கத் தொழிலாளர் துறையில் முறையிடலாம். காகிதத்தில் அருமையான சேவை: வேலை திரும்பக் கிடைக்கும், நின்ற சம்பளம் கிடைக்கும், வழக்குச் செலவும் கிடைக்கும். முதல் குறை, 90 நாள் கெடு. பழிவாங்கல் நடந்த நாளிலிருந்து 90 நாள், தப்பைப் பார்த்த நாளிலிருந்து அல்ல. இங்கேதான் பெட்டியில் போட்ட தேதி உதவும். நீங்கள் சொன்னது முதலில், தண்டனை வந்தது பிறகு என்று காட்ட வேறு சாட்சி தேவையில்லை. இரண்டாவது குறை, காலம். பார்னெட்டின் முறையீடு 2017-இல் போனது. 2024 மார்ச் 9 அன்று, அந்த வழக்கில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், சார்ல்ஸ்டனில் அவர் இறந்தார். ஏழு ஆண்டு கழித்தும் வாக்குமூலக் கட்டத்தைத் தாண்டாத வழிக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் போட மனம் வரவில்லை. இது அமெரிக்க வேலையிடத்துக்கு எழுதிய சட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் வேலை போனவர் இதை நம்பி உட்காரக் கூடாது.

பார்னெட் சாவு பற்றி வாட்ஸாப்பில் சுற்றுவது நிறைய. போலீஸ் விசாரணை 2024 மே மாதம் தற்கொலை என்று முடித்தது. ஸ்பிரிட்டில் தணிக்கையாளராக இருந்த ஜோஷுவா டீன் அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று இறந்தது கடும் நோய்த்தொற்றால். கொலை என்று பரப்புவது அவர்கள் சொன்ன விஷயத்தையே மறைத்துவிடுகிறது. டீன் சொன்னது, 737 மேக்ஸின் பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரில் துளைகள் தவறாகப் போடப்பட்டிருக்கின்றன என்பது. அவரை 2023 ஏப்ரலில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்தத் துளைக் குறையைக் கம்பெனி அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

எல்லாக் குற்றச்சாட்டும் இப்படி நிரூபணமானதில்லை. 2024 ஏப்ரலில் செனட் குழுமுன் பேசிய போயிங் பொறியாளர் சாம் சாலேபூர், 787 உடற்பகுதிகள் சேரும் இடத்தில் இடைவெளிகள் முறையாக ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து நிரப்பப்படவில்லை என்றார். அனுமதித்த இடைவெளி 0.005 அங்குலம், மில்லிமீட்டரில் 0.127. நம் ஃபிட்டர்கள் 'அஞ்சு தவ்' என்பார்கள் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து), இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் மெல்லிய இலைகளில் ஒன்று. இடைவெளியை இழுத்துப் பிடித்து போல்ட் போட்டால் அந்த இழுவிசை பொருளிலேயே தங்கிவிடும், ஆண்டுக்கணக்கில் களைப்பு விரிசலாகலாம் என்பது அவர் வாதம். மூன்று ஆண்டு சொல்லிப் பார்த்ததாகவும், வாயை மூடச் சொன்னதாகவும் சாட்சியம் அளித்தார். போயிங் மறுத்தது. 1,65,000-க்கும் மேற்பட்ட பறப்புச் சுழற்சிகளுக்கு (ஒரு ஏற்றமும் இறக்கமும் ஒரு சுழற்சி) சோதித்தும் களைப்புச் சேதம் இல்லை என்றது. இந்த விமானத்தின் வடிவமைப்பு ஆயுள் 44,000 சுழற்சி. படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சோதனைக்கு நிறுத்திய விமானம் சரியாகக் கட்டப்பட்ட ஒன்று என்றால், சரியில்லாமல் கட்டிய ஒன்றைப் பற்றி அது எவ்வளவு பேசும்? அதே சமயம், சாலேபூர் காட்டியது அபாயத்தின் சாத்தியம், விரிசலை அல்ல. இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

மேக்ஸ் விபத்துகளையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ரென்டன் ஆலையின் மூத்த மேலாளர் எட் பியர்சன், வேலை குவிந்து ஆட்கள் களைத்துக் கிடக்கிறார்கள், உற்பத்தியை நிறுத்துங்கள் என்று 2018 ஜூனிலேயே மேலதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நான்கு மாதத்தில் லயன் ஏர் விழுந்தது, 189 பேர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியன், 157 பேர். ஆனால் இரண்டிலும் விசாரணை கை காட்டிய மையம் எம்காஸ் மென்பொருளின் வடிவமைப்பு. மூக்கின் இரு பக்கமும், காற்றை எதிர்த்து மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று அளக்கும் தாக்குகோண உணரி இருந்தும் ஒன்றை மட்டும் நம்பி, அது தப்பாகச் சொன்னால் திரும்பத் திரும்ப மூக்கைக் கீழே தள்ளியது. பியர்சனின் எச்சரிக்கை வேறு நோயைப் பற்றியது. அந்த நோய் வெளியே தெரிந்தது 2024-இல், கதவில்.

நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ்., அதாவது விமானப் பாதுகாப்புத் தகவல் பெறும் திட்டம், பற்றிச் சுருக்கமாக. 1976 முதல் ஓடுகிறது. நெஞ்சாரப் பாராட்டலாம். படிவத்தின் பெயர்த் துண்டைத் தேதி முத்திரை போட்டுச் சொன்னவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாசாவிடம் பெயர் மிஞ்சாது. 10 நாளுக்குள் எழுதினால், வேண்டுமென்றே செய்ததோ குற்றமோ விபத்தோ இல்லாத பட்சத்தில், எஃப்.ஏ.ஏ. தண்டனை போடாது. தண்டிக்கும் துறையும் கேட்டுக்கொள்ளும் துறையும் வேறு வேறு என்பதுதான் இதன் சூட்சுமம். ஐந்துக்கு நாலரை. ஆனால் இது விமானிகள், கட்டுப்பாட்டு அறை, பராமரிப்பு ஆட்களுக்கானது. ஆலைத் தளத்துக்கு இப்படி ஒன்று இல்லை, அதுதான் குறை.

இனி இந்தியப் பக்கம். தனியார் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு முதல் கதவு, 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 177-ஆவது பிரிவு சொல்லும் 'விஜில்' ஏற்பாடு. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி ஆகியவற்றுக்குக் கட்டாயம். இணையதளம் இருந்தால் அதில் விவரம் வெளியிட வேண்டும். தகுந்த நேரத்தில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகலாம் என்பதே இதன் பலம், மேலாளர் மேசையைத் தாண்டிப் போகும் ஒரே உள்வழி. சேரும் நாளிலேயே அந்தப் பக்கத்தைத் தேடி, யாருக்கு எழுத வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவை வரும் நாளில் கம்பெனி கணினியில் தேடினால் தேடியதே தெரிந்துவிடும். பலவீனம்: சட்டம் இயக்குநர், ஊழியர் என்றுதான் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்டில் பாதி வேலையைச் செய்வது காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்கும் பொருந்துமா என்பது அந்தந்தக் கம்பெனியின் கொள்கைத் தாளைப் பொறுத்தது. ஐந்துக்கு இரண்டரை.

மத்திய அரசு நிறுவனம், பொதுத்துறை ஆலை என்றால் 2004-ஆம் ஆண்டுப் பொதுநலத் தகவல் தீர்மானம் இருக்கிறது. பொதுவாகப் பிட்பி என்கிறார்கள். நெடுஞ்சாலைத் திட்ட முறைகேட்டைச் சொன்ன பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கொல்லப்பட்ட பிறகு வந்தது. ஊழல், பதவியைத் தவறாகப் பயன்படுத்தல் பற்றியது மட்டும். தரச் சான்றிதழைப் பொய்யாகப் போடச் சொன்னால் வரும், வெறும் கவனக்குறைவு வராது. முறை கறாரானது. ஒட்டிய உறை, மேலே 'பொதுநலத் தகவல் முறையீடு' என்ற பொருள்படும் ஆங்கிலக் குறிப்பு, பெறுநர் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் செயலர், புதுடெல்லி. உறையின் மேல் உங்கள் பெயர் கூடாது. உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம், மொட்டைக் கடிதத்தை எடுக்கவே மாட்டார்கள். அனுப்புநர் இல்லாமல் இந்த உறையை வாங்கிக்கொள்ள அஞ்சல் துறைக்கு அறிவுறுத்தல் உண்டு. வேலூர் தலைமை அஞ்சலகக் கவுன்ட்டரில் தயங்கினால் உறை மேல் இருக்கும் குறிப்பைக் காட்டுங்கள். பெற்றோம் என்று ஆணையம் பதில் போடாது. தொடர்ந்து எழுதிக் கேட்கவும் வேண்டாம் என்கிறது, உங்கள் பெயர் வெளிவராமல் இருக்கத்தான். 'என்ன ஆச்சு' என்று மாதாமாதம் கடிதம் போட்டுத் தன்னையே காட்டிக்கொள்ளும் தவறு எளிதில் நேரும். 2014-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியும் அது நடைமுறைக்கு வராததால், இந்தத் தீர்மானம்தான் இன்றும் குடை. ஐந்துக்கு மூன்று.

எந்த வழியில் போனாலும் முறையீட்டின் பாதி விதியைத் தீர்மானிப்பது எழுதும் விதம். முதலில் என்.சி.ஆர். போடுங்கள். விமானத் துறையின் ஏ.எஸ்.9100 தரநெறியின் 8.7 பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. பாகம் வாடிக்கையாளரிடம் போய்விட்டது என்றாலும் அவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. என்.சி.ஆர். போட விடவில்லையென்றால் அதையே தேதியோடு எழுதுங்கள். பிறகு பாக எண், வரிசை எண் அல்லது லாட் எண், டிராவலர் (பாகத்தோடு போகும் வேலைத்தாள்) எண், எந்த ஆபரேஷன், எந்த ஷிஃப்ட், வரைபடத்தின் எந்தத் திருத்தம். கேட்ட அளவு என்ன, கிடைத்த அளவு என்ன, எந்தக் கருவி, அதன் காலிபிரேஷன் எதுவரை செல்லும். யாரிடம் எப்போது சொன்னீர்கள், என்ன பதில். கண்ணால் பார்த்தது தனி, அடுத்தவர் சொன்னது தனி.

வரைபடத்தைச் செல்போனில் படம் எடுக்காதீர்கள். ராணுவ, விமானப் பாகங்களின் வரைபடங்கள் பல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. பாகம் தப்பா இல்லையா என்ற பேச்சே நின்று, படம் எடுத்தது குற்றமா என்ற பேச்சு தொடங்கிவிடும். எண்களை வீட்டு நோட்டில் எழுதி வைத்தாலே விசாரிப்பவர் ஆலைக் கோப்பில் கண்டுபிடித்துவிடுவார்.

கெட்டுப்போகும் இன்னொரு இடம், சம்பளக் குறையையும் ஓவர்டைம் குறையையும் அதே தாளில் சேர்ப்பது. அந்தத் தாள் நேராக எச்.ஆர். அறைக்குப் போகும், தரப் பிரிவு அதைப் பார்க்கவே பார்க்காது. அவற்றுக்குத் தனித் தாள். காட்டர் பின் இல்லை என்றால் 'இந்த வரிசை எண்ணில், கீழ் இடப்பக்கக் கீலில், காட்டர் பின் இல்லை' என்று எழுதுங்கள். 'பாதுகாப்பில் அலட்சியம்' என்று எழுதினால் யாரும் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. முன்னதற்கு ஒரு ஆள் டார்ச்சோடு போனால் ஐந்து நிமிஷம்.